டே கேரில் சமத்து, வீட்டில் அடம்: முதலில் தூக்கத்தைப் பாருங்கள்

இரண்டு வயதுக் குழந்தை சாயங்காலமானால் கத்துகிறது, கடிக்கிறது, தட்டைத் தள்ளிவிடுகிறது என்றால், அதட்டுவதற்கு முன்னால் அதன் தூக்கத்தைக் கணக்கெடுங்கள். பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் சோர்ந்து உட்காருவோம். இந்த வயதில் பல குழந்தைகளுக்கு அசதி ஏற ஏற ஆட்டம்தான் கூடும், அதைப் பார்த்து "இதுக்குத் தூக்கமே வரலை" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்
எழுந்த நேரம், பகல் தூக்கம், ராத்திரி உண்மையிலேயே கண் அசந்த நேரம் (படுக்க வைத்த நேரம் இல்லை), பெரிய அடம் எத்தனை மணிக்கு என்பது, அவ்வளவுதான். டே கேரில் "தூங்கினாளா?" என்று கேட்டால் "தூங்கினா" என்றுதான் பதில் வரும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள்.

படி 2: கூட்டிப் பாருங்கள்
உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1–2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், 3–4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். அம்மா அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பாடு முடிந்து, பத்தரைக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு ராத்திரியில் எட்டரை மணி நேரம்தான் கிடைக்கிறது, டே கேரில் ஒரு மணி நேரம் தூங்கினாலும் ஒன்பதரையைத் தாண்டாது.

படி 3: நேரத்தை நகர்த்துங்கள்
எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். டே கேரில் நாலரை வரை தூங்கவிட்டால் ராத்திரி இழுக்கும், மூன்று மணி வாக்கில் எழுப்பச் சொல்லலாம். அதற்காக மதியத் தூக்கத்தையே நிறுத்தச் சொல்லாதீர்கள், இரண்டு வயதில் அது தேவை. ஒன்றேகால் வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் பகலில் இரண்டு தூக்கம் வேண்டியிருக்கும், டே கேரில் ஒன்றுதான் என்றால் ராத்திரி சீக்கிரம் படுக்க வைத்து ஈடுகட்டுங்கள்.

படி 4: அழைத்து வந்த முதல் அரை மணி
பகலெல்லாம் வரிசையில் நின்று, பொம்மையை விட்டுக்கொடுத்து, அழுகையை அடக்கிய குழந்தை அதையெல்லாம் உங்களிடம்தான் கொட்டும். "உன்னைக் கண்டாதான் ஆடுது" என்று பாட்டி சொல்வது சரிதான், உங்களிடம் அதற்கு அவ்வளவு உரிமை. வழியில் மளிகைக் கடை வேண்டாம். வந்ததும் வாழைப்பழமோ இட்லியோ கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், "இன்னைக்கு என்ன பண்ணின?" விசாரணை அப்புறம்.

படி 5: ராத்திரி ஒரே வரிசை
படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, போன் இரண்டும் அணைய வேண்டும், வீட்டில் பெரியவர்கள் சீரியல் பார்த்தால் இதுதான் கஷ்டமான படி. குளியல், மங்கிய விளக்கு, கதை, தாலாட்டு என்று தினமும் அதே வரிசையில் போகட்டும். தூளியில் ஆட்டினால்தான் தூங்கும் குழந்தை நடு ராத்திரி விழித்தாலும் ஆட்டச் சொல்லும். டே கேரில் அதே குழந்தை பாயில் தட்டிக்கொடுத்தால் தூங்குகிறதா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். தூங்கினால் வீட்டிலும் அதையே பழக்கலாம்.

இரண்டு மூன்று வாரம் பாருங்கள். குறட்டை விடுகிறது, வாயைத் திறந்தே மூச்சு விடுகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், எழுதி வைத்த தாளையும் எடுத்துப் போங்கள்.