ஷேர்பாயின்ட் சர்வரின் சிவிஇ-2025-53770 குறைபாடு: பேட்ச் நிறுவுவதோடு நில்லாமல் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் சர்வரைத் தங்கள் சொந்தக் கணினிகளில் நிறுவி நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மைக்ரோசாஃப்ட் 365 சேவையின் பகுதியான ஷேர்பாயின்ட் ஆன்லைனை மட்டும் பயன்படுத்துவோரை, கடவுச்சொல்லின்றி சர்வரைக் கைப்பற்ற வழிவிடும் சிவிஇ-2025-53770 என்ற இந்தக் குறைபாடு பாதிக்கவில்லை. சொந்த சர்வரை வைத்திருப்போரோ, பேட்ச் எனப்படும் திருத்தத்தை நிறுவிவிட்ட காரணத்தாலேயே தாங்கள் தப்பிவிட்டதாகக் கருத முடியாது. அதற்கான காரணத்தை அறிய, தாக்குதல் நடந்த விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

2025 மே மாதம் பெர்லினில் நடந்த ப்வன்2ஓன் என்னும் ஹேக்கிங் போட்டியில், ஷேர்பாயின்ட் சர்வரை உள்நுழைவின்றிக் கைப்பற்றும் வழி செய்து காட்டப்பட்டது. அதற்கான திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் ஜூலை 8 அன்று வெளியிட்டது. ஆனால் அந்தத் திருத்தங்கள் முழுமையானவையாக இல்லை. அவற்றைச் சுற்றிக்கொண்டு செல்லும் புதிய வழியைக் கண்டவர்கள் ஜூலை 18 முதல் உலகெங்கும் சர்வர்களைப் பெருமளவில் தாக்கத் தொடங்கினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஐ செக்யூரிட்டி நிறுவனம் அதை முதலில் கவனித்து வெளிப்படுத்தியது. ஜூலை 19 அன்று மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை விடுத்தபோது திருத்தம் எதுவும் கைவசம் இருக்கவில்லை. அடுத்த சில நாட்களில்தான் பதிப்பு வாரியாக அவை வந்து சேர்ந்தன. குறைபாட்டின் தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8.

தாக்குதல் நடக்கும் விதம்

தாக்குபவர் டூல்பேன் என்னும் பக்கத்துக்கு ஒரு போஸ்ட் கோரிக்கையை அனுப்புகிறார். எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வருகிறது என்று சொல்லும் அதன் ரெஃபரர் தலைப்பில், வெளியேறும் பக்கத்தின் முகவரியை, அதாவது சைன்அவுட் பக்கத்தை, இட்டுவிடுகிறார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் கோரிக்கைக்கு உள்நுழைவுச் சரிபார்ப்பு வேண்டியதில்லை என்று சர்வர் முடிவு செய்துவிடுவதால், கடவுச்சொல் எதுவுமின்றிக் கோரிக்கை உள்ளே போய்விடுகிறது. அங்கே, நம்பத் தகாத தரவை சர்வர் ஆராயாமல் டீசீரியலைஸ் செய்யும், அதாவது நிரலுக்குள் செயல்படும் பொருளாக மாற்றிக்கொள்ளும், இரண்டாவது பலவீனம் அவருக்குக் கைகொடுக்கிறது. அதன் மூலம் தாம் விரும்பும் நிரலை சர்வரிலேயே இயக்குகிறார்.

பெரும்பாலான தாக்குதல்களில் இவ்வாறு வைக்கப்பட்ட கோப்பு ஸ்பின்இன்ஸ்டால்0.ஏஎஸ்பிஎக்ஸ். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் வழக்கமான வெப்ஷெல் போல அது கட்டளைகளை நிறைவேற்றுவதில்லை. சர்வரின் மெஷின் கீ எனப்படும் ரகசியச் சாவிகளின் மதிப்புகளைப் படித்து வெளியே காட்டுவது மட்டுமே அதன் வேலை. பக்கத்தின் நிலையைச் சுமந்து ஒவ்வொரு பக்கத்தோடும் போய்வரும் வியூஸ்டேட் தரவு தன்னிடமிருந்துதான் வந்தது என்று சர்வர் நம்புவதற்கு ஆதாரம், அந்தச் சாவிகளால் இடப்படும் கையொப்பம். அலுவலக முத்திரையின் அச்சு வெளியாள் கையில் சிக்கியபின் வாசலில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும், போலி ஆணைகள் தபாலில் வந்து நிறைவேறிக்கொண்டேதான் இருக்கும். அதே போல, சாவிகளைப் பெற்றவர் தாமே வியூஸ்டேட் தயாரித்துக் கையொப்பமிட்டு அனுப்பினால், பேட்ச் நிறுவப்பட்ட சர்வரும் அதை ஏற்று அதிலுள்ள நிரலை இயக்கிவிடும். ஃபார்மில், அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பில், உள்ள எல்லா வெப் சர்வர்களும் ஒரே சாவியைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றில் நடந்த திருட்டு அனைத்தையும் திறந்துவிடுகிறது.

பேட்ச் நிறுவும் முன்

இணையத்திலிருந்து நேரடியாக அணுகக்கூடிய ஷேர்பாயின்ட் சர்வர்கள் எவை என்று முதலில் பட்டியலிடுங்கள். சோதனைக்காக எப்போதோ நிறுவி மறந்துபோனவற்றையும் அதில் சேர்க்க வேண்டும். தாக்குபவர்களின் தானியங்கித் தேடலுக்கு முக்கிய சர்வர், சோதனை சர்வர் என்ற வேறுபாடு கிடையாது. திருத்தம் நிறுவப்படும் வரை அவற்றை இணையத்திலிருந்து துண்டியுங்கள். துண்டிக்கவே இயலாத நிலையில், உள்நுழைவைக் கட்டாயமாக்கும் விபிஎன் அல்லது ப்ராக்சிக்குப் பின்னால் வையுங்கள்.

அடுத்த செயல் பலராலும் தவிர்க்கப்படுவது. எதையும் மாற்றுவதற்கு முன், சர்வரின் நினைவக நகலையும் வட்டு நகலையும் எடுத்து, வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸின் பதிவுகளையும் விண்டோஸ் நிகழ்வுப் பதிவுகளையும் வேறொரு கணினியில் பத்திரப்படுத்துங்கள். சில தாக்குதல்களில் வட்டில் கோப்பு எதுவும் எழுதப்படவில்லை. எல்லாம் நினைவகத்திலேயே நடந்து முடிந்தது. ஐஐஎஸ் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது. அவசரத்தில் இதற்கு நேரமில்லை என்று தோன்றலாம்; சர்வர் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தால் அந்த அவசரத்தின் பெரும்பகுதி தணிந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

திருத்தமும் ஆம்சி பாதுகாப்பும்

சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு கேபி5002768, 2019 பதிப்புக்கு கேபி5002754, 2016 பதிப்புக்கு கேபி5002760 ஆகியவை இந்தக் குறைபாட்டுக்கான திருத்தங்கள். அவற்றுக்குப் பின் வந்த மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களிலும் இவை உள்ளடங்கும் என்பதால் ஆகப் புதியதையே நிறுவலாம். 2019, 2016 பதிப்புகளுக்கு மொழித் தொகுப்புக்கான திருத்தம் தனியாக உண்டு. முறையே கேபி5002753, கேபி5002759 என்ற அவற்றையும் நிறுவினால்தான் பணி முழுமையடையும். ஃபார்மின் ஒவ்வொரு சர்வரிலும் நிறுவிய பின், ஷேர்பாயின்ட் கட்டமைப்பு விசார்டை இயக்க மறவாதீர்கள்.

தீங்கான கோரிக்கைகளை ஆன்டிவைரஸிடம் காட்டிச் சரிபார்க்கும் ஆம்சி இணைப்பு, 2019, 2016 பதிப்புகளில் 2023 செப்டம்பர் திருத்தத்திலிருந்து இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். யாரேனும் அதை அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முழுநிலைச் சோதனை கிடைக்குமிடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

சாவிகளை மாற்றுதல்

சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன் தளத்தின் மானிட்டரிங் பகுதியில், டைமர் ஜாப் பட்டியலைத் திறந்து, மெஷின் கீ ரொட்டேஷன் ஜாப் என்பதைத் தேர்ந்தெடுத்து உடனே இயக்குங்கள். அது முடிந்ததும் ஃபார்மின் எல்லா சர்வர்களிலும் ஐஐஎஸ் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறைகள் பழைய சாவியோடு தொடரக்கூடும். பின்பு ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனின் வெப்.கான்ஃபிக் கோப்பையும் திறந்து, மதிப்பு உண்மையில் மாறியிருக்கிறதா, எல்லா சர்வர்களிலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஜாப் வெற்றி என்று திரையில் தோன்றுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, திருத்தம் நிறுவுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையுமாகச் சாவிகளை மாற்றப் பரிந்துரைத்தது. முதல் மாற்றம், திருடப்பட்ட சாவியை உடனே செல்லாததாக்குகிறது; இரண்டாவது மாற்றம், இடைப்பட்ட நேரத்தில் புதிய சாவியும் களவு போயிருந்தால் அதைச் செல்லாததாக்குகிறது. சர்வரில் பின்கதவு எஞ்சியிருக்கும் வரை எத்தனை முறை மாற்றினாலும் சாவி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். எனவே சுத்திகரிப்பு முடிந்த பிறகு நடக்கும் மாற்றத்தையே இறுதியானதாகக் கொள்ளுங்கள். மாற்றும் நேரத்தில் பயனர்கள் திறந்து வைத்திருக்கும் படிவங்கள் பிழை காட்டும் என்பதால் முன்னறிவிப்பு கொடுத்துவிடுவது நல்லது.

ஊடுருவல் நடந்ததா என்று தேடுதல்

தாக்குதல் முயற்சிகள் ஜூலை 7 முதலே நடந்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்ததால், உங்கள் தேடலும் 2025 ஜூலைத் தொடக்கத்திலிருந்தே அமைய வேண்டும். ஐஐஎஸ் பதிவுகளில் டூல்பேன் பக்கத்துக்குச் சென்ற போஸ்ட் கோரிக்கைகளில், ரெஃபரராக சைன்அவுட் பக்கம் இருப்பவற்றைப் பிரித்தெடுங்கள். பதிவுகளின் நேரம் இயல்பாக யுடிசி எனப்படும் உலகப் பொது நேர முறையில் இருக்கும். உள்ளூர் நேரத்தோடு ஒப்பிடும்போது இதனால் ஏற்படும் குழப்பம் விசாரணையைத் திசைதிருப்பிவிடும். லேஅவுட்ஸ் கோப்புறையில் ஸ்பின்இன்ஸ்டால் என்று தொடங்கும் எந்தக் கோப்பும் சந்தேகத்துக்குரியதே, ஏனெனில் பெயரின் இறுதி எண் மாறிய வடிவங்களும் காணப்பட்டுள்ளன. ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3டபிள்யூபி செயல்முறை, கமாண்ட் ப்ராம்ட்டையோ பவர்ஷெல்லையோ தொடங்கியிருந்தால் அதை மிகக் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷன் பதிவில் 1316 எண்ணுள்ள நிகழ்வுகள், வியூஸ்டேட் சரிபார்ப்பில் ஏற்பட்ட பிழைகளைக் காட்டக்கூடும். இவை எவையும் கிடைக்காததை மட்டுமே வைத்து சர்வர் தூய்மையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தடயம் கிடைத்தால், அந்த சர்வரைத் துடைத்துச் சரிசெய்ய முயல்வதைவிட, புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது. சேவைக் கணக்குகளின் கடவுச்சொற்களையும், அந்த சர்வரில் உள்நுழைந்த நிர்வாகிகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஸ்டார்ம்-2603 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட குழு, நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைத் திருடி, டொமைனின் எல்லாக் கணினிகளுக்கும் ஒருங்கே அமைப்புகளை விதிக்கும் குரூப் பாலிசியை மாற்றி, அதன் வழியாக வார்லாக் ரான்சம்வேரைப் பரப்பியது. ஆகவே உங்கள் விசாரணை ஷேர்பாயின்ட்டோடு முடியாது. குரூப் பாலிசி மாற்றங்கள், புதிதாக முளைத்த திட்டமிட்ட பணிகள், பேக்கப் சர்வர்கள் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

2013, 2010 பதிப்புகளை இன்னும் நடத்துவோருக்கு இந்தத் திருத்தங்கள் கிடைக்காது. அவற்றை இணையத்திலிருந்து நிரந்தரமாக விலக்குவது தவிர வேறு வழியில்லை. 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆதரவுக் கெடு 2026 ஜூலை 14. அவற்றைச் சரிசெய்து முடித்தவர்கள், இடமாற்றத் திட்டத்தையும் இதே பணியின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.