ஈம்ஸ் சகோதரர்கள் என்று யாரும் இல்லை: அமெரிக்க நவீன நாற்காலிகள் பற்றிய சில தவறுகள்

சாய்ந்த கால், வால்நட் நிறம், லேசாக வளைந்த முதுகு. இந்த மூன்றும் இருந்தால் போதும், கடைக்காரர்கள் ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று அட்டை மாட்டிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டித் தொடங்கி 1960கள் வரை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த பாணி அது. அதைக் காலின் சாய்வை வைத்து அடையாளம் காண்பதுதான் முதல் தவறு. பார்க்க வேண்டியது, பொருளை எப்படிச் செய்தார்கள் என்பதை.

ஈம்ஸ் நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். (ஈம்ஸ் என்றதும் அண்ணன் தம்பி என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் கணவன் மனைவி. ரே ஓவியம் பயின்றவர். சார்லஸ் பெயரை மட்டும் போட்டால் பாதிக் கதை போய்விடும்.) 1941இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோன இருவரும், வாடகை வீட்டுக்குள்ளேயே ஓர் அச்சைக் கட்டினார்கள். பசை தடவிய மெல்லிய மரத் தகடுகளை அதில் அடுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்தி, ப்ளைவுட்டை வளைத்துப் பழகினார்கள். அப்புறம் போர் வந்தது. அமெரிக்கக் கடற்படைக்காக, அடிபட்ட காலுக்குக் கட்டும் தப்பைகளை அதே ப்ளைவுட்டில் செய்தார்கள். தப்பையில் உள்ள துளைகள் அலங்காரம் இல்லை. வளைவில் மரம் விரியாமல் இருக்கவும், கட்டுத்துணியை நுழைக்கவும் விட்டவை. ஒரே தகட்டில் இருக்கையையும் முதுகையும் வளைத்தால் மடிப்பில் விரிசல் விட்டது. அதனால்தான் 1946இல் வந்த ப்ளைவுட் நாற்காலியில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

இதெல்லாம் பணக்காரர்களுக்காகச் செய்தது என்பதும் சரியல்ல. 1956இல் வந்த தோல் மெத்தை வைத்த சாய்வு நாற்காலி விலை கூடியதுதான். ஆனால் 1950இல் விற்பனைக்கு வந்த ஃபைபர்கிளாஸ் நாற்காலி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மலிவு விலை அறைகலன் போட்டியிலிருந்து பிறந்தது.

பார்சிலோனா நாற்காலியை அமெரிக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜெர்மன் வடிவமைப்பாளர்களான மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் 1929இல் பார்சிலோனாவில் நடந்த கண்காட்சியின் ஜெர்மன் அரங்குக்காக வடிவமைத்தது அது. நோல் என்ற அறைகலன் நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்தது பிற்பாடு.

வெள்ளைச் சுவர், காலி அறை, ஒற்றைச் செடி என்று வைத்துவிட்டு மிட்-செஞ்சுரி என்பார்கள். அதுவும் தவறு. ஈம்ஸ் தம்பதியின் சொந்த வீடு 1949இல் பசிபிக் பாலிசேட்ஸில் எழுந்தது. தொழிற்சாலைகளில் ஆயத்தமாகக் கிடைத்த எஃகுச் சட்டங்களால் கட்டியது. உள்ளே போனால் கம்பளம், பொம்மை, நாட்டார் கலைப்பொருள், புத்தகம் என்று கண் நிறைய இருக்கும்.

மர அறைகலன் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவை ‘ஜப்பானிய பாணி’ என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. அவர் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் பிறந்த அமெரிக்கர். 1930களின் இறுதியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டுக்காகப் புதுச்சேரியில் கோல்கொண்டே என்ற அரவிந்தர் ஆசிரம விடுதியின் கட்டட வேலையைக் கவனித்தவர். அதன் அறைகளுக்குத் தேக்கு மரச்சாமான்களும் வடிவமைத்தார். 1942இல் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக அமெரிக்க அரசு அவரை ஐடஹோவில் முகாமில் அடைத்தது. ஜப்பானிய முறையில் தேர்ந்த தச்சர் ஒருவரிடம் அங்கேதான் கைத்தொழில் கற்றார். மறு ஆண்டு ரேமண்ட் முயற்சியால் வெளியே வந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். அங்கே அவர் தொடங்கிய பட்டறையை அவருக்குப் பின் மகள் மீரா ஏற்று நடத்தினார்.