அற்புதம் செய்கிறவருக்கும் கடன் இருக்கட்டும்

ஏப்ரல் 15 தொடங்கி மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். மண்டபத்தில் எங்கள் செட்டில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், அதனால் அந்த இரண்டு மாதமும் பகடையும் பேப்பருமாக ராத்திரி ஒரு மணி வரை ஆட்டம் ஓடும், ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி விளையாடுகிற ரோல்பிளேயிங் ஆட்டம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன். கதை: கடல் ஏறிவிட்டது, பாம்பன் பாலம் போய்விட்டது, ராமேஸ்வரம் தீவு தனியாகக் கிடக்கிறது. வரைபடத்துக்கு நான் பெரிதாக மெனக்கெடவில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் மிச்சம் நிற்கிற சர்ச் சுவரையும் ஸ்டேஷன் இடிபாட்டையும் பார்த்து, அதையே தீவு முழுக்கப் பரப்பிவிட்டேன்.

இந்த ஆட்டம் முதல் வருடம் மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. காரணம் பூசாரி கிளாஸ், அதாவது சாமியிடம் கேட்டு அற்புதம் செய்கிற பாத்திர வகை.

சண்டையில் அவன் அதிகமாக அடித்தான் என்பதில்லை. யார் எவ்வளவு அடிக்கிறார் என்ற டேமேஜ் கணக்கைப் பார்த்து கிளாஸ்களை பேலன்ஸ் செய்ய ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இந்த மாதிரி ஆட்டங்களில் பேர்போன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் வந்தபோதே இருந்த மூன்று கிளாஸில் கிளெரிக்கும், அதாவது பூசாரியும், ஒன்று. ஆனால் அது பாதாளத்துக்குள் இறங்கி ஏறுகிற ஆட்டம், மேலே வந்தால் ஊர் இருக்கும், கடை இருக்கும், சத்திரம் இருக்கும். அழிந்த உலகத்தில் பற்றாக்குறைதான் ஆட்டமே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் முதல் லெவல் கிளெரிக் ஒரு மந்திரத்தில் 10 கேலன், அதாவது கிட்டத்தட்ட 38 லிட்டர் நல்ல தண்ணீர் உண்டாக்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. தலைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு நாளைக்கு 15 லிட்டர் போதும். ஒரே மந்திரத்தில் இரண்டரை நாள் தண்ணீர்! குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டியோடு அலைந்து வளர்ந்த ராமநாதபுரத்துக்காரனுக்கு அதற்குப் பிறகு என்ன பயத்தைக் காட்டுவது? முத்துக்குளிப்பவனாக விளையாடிய நண்பன் இரண்டாம் வாரமே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

சரி, எப்படிச் சரிசெய்தேன் என்பதற்கு வருகிறேன்.

முதலில், அற்புதம் பாதி வேலையைத்தான் செய்ய வேண்டும். தண்ணீரை உண்டாக்க விடாதீர்கள், தண்ணீர் இருக்கிற இடத்தைக் காட்ட விடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே மணலைத் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்டத்தில் பூசாரி கண்ணை மூடி 'இங்கே' என்பான், தோண்டுவது மற்றவர்கள், காவல் நிற்பது இன்னொருவர், சுவர் சரியாமல் பனங்கட்டை வைத்து முட்டுக்கொடுப்பது இன்ஜின் மெக்கானிக். காயமும் அப்படித்தான். ரத்தம் உடனே நிற்கும், எலும்பு சேர நாள் ஆகும். இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது, மற்ற விதிகளைப் போட நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது போடுங்கள்.

அடுத்தது விலை. துப்பாக்கிக்காரனுக்குத் தோட்டா செலவு, மெக்கானிக்குக்கு டீசல் செலவு, பூசாரிக்கு மட்டும் தூங்கி எழுந்தால் சக்தி திரும்ப வந்துவிடும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? நம் ஊரில் கோயில், தர்கா, மாதா கோயில் எங்கே போனாலும் பழக்கம் ஒன்றுதான்: முதலில் கேட்பது, கிடைத்த பிறகு செலுத்துவது. நேர்ச்சை. அதையே விதியாக்கினேன். கேட்கும்போதே என்ன செலுத்துவேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 20 முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கிடைக்கும், அதாவது 65 சதவீதம். செலுத்தாத நேர்ச்சை ஒவ்வொன்றுக்கும் இலக்கு மூன்று ஏறும்: ஒன்று பாக்கி என்றால் 11, அது 50 சதவீதம், இரண்டு என்றால் 14, 35 சதவீதம். மூன்று பாக்கி சேர்ந்தால் கேட்கவே முடியாது. பகடை விழாவிட்டால் கடன் இல்லை, கிடைக்காததற்கு எதற்குச் செலுத்துவது? ஆனால் அதே விஷயத்தை மறுநாள் விடியும்வரை திரும்பக் கேட்கக் கூடாது.

செலுத்துவது சும்மா காசு போடுவதாக இருக்கக் கூடாது. நேரம் போக வேண்டும், பொருளும் போக வேண்டும். இடிந்த கலங்கரை விளக்கில் ஒரு ராத்திரி விளக்கு ஏற்றுவது என்றால் எண்ணெய் போகும், வெளிச்சத்தைப் பார்த்துக் கொள்ளைக்காரனும் வருவான். இருபது பேருக்குக் கஞ்சி ஊற்றுவது என்றால் அரிசி மூட்டை யாருடையது என்று கூட்டாளிகளுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, அதை நானே செய்து கெட்டேன். பூசாரி ஓவராகப் போகிறான் என்றதும் 'சாமி கோவிச்சுக்கிச்சு' என்று சக்தியைப் பிடுங்கினேன். அப்படிச் செய்தால் சாமி என்ற பெயரில் விளையாடுவது கேம் மாஸ்டர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் ஒருத்தரும் அந்தக் கிளாஸைத் தொட மாட்டார்கள். தண்டனை விதியில் இருக்கட்டும், உங்கள் வாயில் இருக்க வேண்டாம்.

இன்னொன்று, எங்கள் மேஜையில் மூன்று மதத்துக்காரர்களும் உட்காருகிறார்கள். அதனால் உண்மையான தெய்வப் பெயர் எதுவும் வராது. ஊற்றுக்காரி, விளக்குக்காரர் என்று இரண்டு நம்பிக்கைகளை நாங்களே கட்டிக்கொண்டோம். ஊரில் எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனை சக்தி என்றும் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம், ஆட்டம் ரேஷன் கடைக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது, விட்டுவிட்டோம்.

சோதிக்க ஒரு வழி: ஒரே பயணத்தை இரண்டு தடவை ஓட்டுங்கள், ஒன்று பூசாரியோடு, ஒன்று அவனுக்குப் பதில் இன்னொரு மெக்கானிக்கோடு. திரும்பி வரும்போது தண்ணீர்க் கேன் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. பூசாரி வந்த பயணத்தில் இரண்டு மடங்கு மிச்சம் என்றால் ஒரு பாக்கிக்கு இலக்கு ஏறுகிற மூன்றை நாலாக்குங்கள்.

பாக்கி வைத்துவிட்டு பூசாரி செத்துப்போனால் என்ன என்று கேட்பீர்கள். கடன் கூட்டாளிகள் தலைக்கு வரும். போன தடைக்காலத்தில் விளக்குக்காரரின் பூசாரி இரண்டு நேர்ச்சை பாக்கியோடு செத்தான், இதுவரை சாமியே கும்பிடாத மெக்கானிக் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான்.