பள்ளத்தாக்கைத் தாண்டும் முன் உயரக் கணக்கு

இமாச்சலின் பில்லிங்கில் பாராகிளைடர்கள் கிளம்பும் ஏறுதளம் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து தௌலாதார் மலையை ஒட்டி பாராகிளைடரில் தர்மசாலா பக்கம் போகிறவர்கள் தடுமாறுவது, முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்குகளில்தான். அசையாத காற்றில் 8:1 சறுக்கும், அதாவது 8 மீட்டர் முன்னேற 1 மீட்டர் இறங்கும் கிளைடர் 3 கிலோமீட்டர் கடக்க 375 மீட்டர் இழக்கும். எதிர்காற்றும் இறங்குகாற்றும் சேர்ந்து அதை 4:1 ஆக்கினால் இழப்பு 750 மீட்டர். இந்த இரண்டாவது கணக்கை நம்பியே கிளம்புங்கள். தெர்மலை, அதாவது சூடாகி மேலெழும் காற்றை, பாதியில் விடாதீர்கள். மேக அடிக்குச் சற்றுக் கீழே வரை ஏறிவிட்டு நகருங்கள். எதிர்முகட்டில் வெயிலும் காற்றும் நேராகப் படும் சரிவைக் குறிவையுங்கள். காற்று மறைவான பக்கம் வேண்டவே வேண்டாம், அங்குள்ள சுழல்காற்று கிளைடரின் துணி விதானத்தை மடக்கிவிடும். கையுறையைத் தரையிலேயே மாட்டுங்கள். விறைத்த விரலுக்கு பிரேக் கயிற்றின் இழுவை தெரியாது.