குழி போடும் முன்பே கல் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள்

அகழாய்வெல்லாம் முடித்து, கல்லைப் பை பையாகக் கட்டி, ஆறு மாதம் கழித்து நிலவியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு போய் "இதெல்லாம் என்ன கல்லுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று நிற்போம். அங்கே இருக்கும் நிலவியலாளரும் குவார்ட்ஸ், பெரில் என்று கல்லின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார். இதற்குப் பெயர் கூட்டு ஆய்வு!

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலையே பாருங்கள். நொய்யல் கரையில் அந்தக் காலத்தில் கல்மணிகளை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய ஊர். பெரில் என்ற மணிக்கல்லுக்குக் காங்கயத்துப் பக்கம் படியூர் இருக்கிறது, நீலக்கல் வகையான குருந்தத்துக்குச் சிவன்மலை. சூதுபவளம் என்ற செந்நிற மணிக்கல்லோ கொங்குப் பாறையில் விளையாதது, குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். ஆக, கேட்க வேண்டியது எங்கிருந்து, எந்த வடிவில் வந்தது என்பதைத்தான்.

அதனால் முதலில் நிலவியலாளரோடு இரண்டு நாள் சேர்ந்து காட்டில் நடங்கள். ஆடு மேய்ப்பவரிடம் வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ், எங்கே கிடக்கிறது என்று கேட்டால் வரைபடத்தில் இல்லாத இடத்தையும் காட்டுவார். படியூர்க் கல்லிலும் மாதிரி எடுத்து வையுங்கள், ஒப்பிட மூலக்கல் கையில் இல்லாமல் ஆய்வகத்துக்குப் போய்ப் பயனில்லை.

உடைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சில்லுகளை மட்டும் கொடுங்கள், முழு மணியைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை ஒருவர் கடினத்தன்மை பார்க்கிறேன் என்று மணியைச் சுரண்டியே விட்டார், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அடர்த்தி பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை, காற்றில் பார்த்த எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் குவார்ட்ஸ் 2.65, குருந்தம் 4 அளவில் நிற்கும். துளைக்குள் காற்றுக் குமிழி மாட்டியிருந்தால் கணக்கு தப்பும், அதனால் நன்றாக உலுக்கிவிட்டு நிறுங்கள்.

காலக்கணிப்புக்கு மண் எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மணல் துகள் கடைசியாக வெயில் கண்டு எவ்வளவு காலம் ஆனது என்று அளக்கும் முறை இருக்கிறதே, அதற்கு இரும்புக் குழாயைக் குழிச் சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் அடைத்து எடுக்க வேண்டும், வெளிச்சம் புகும் பையில் அள்ளினால் வீண். சுவர் திறந்திருக்கும்போதே நிலவியலாளர் பக்கத்தில் நின்றால், பானை ஓடு அங்கேயே கிடந்ததா, இல்லை ஆற்று வெள்ளம் உருட்டி வந்ததா என்பதையும் மணலின் படிவைப் பார்த்துச் சொல்வார். குழியை மூடிய பிறகு யாரைக் கூப்பிட்டும் ஆகாது.

அப்புறம், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் நான் பார்த்த சண்டைகளில் பாதி அதில் வந்ததுதான்.