சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி: பதிவுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனிக்கு, அதாவது முழு இசைக்குழுவுக்காக நான்கு பகுதிகளில் எழுதிய படைப்புக்கு, என்னிடம் வெகுகாலம் இரண்டு பதிவுகள்தான் இருந்தன. ஒன்று உயிரோட்டமுள்ளது, மற்றொன்று சோர்ந்த வாசிப்பு என்பது என் தீர்ப்பு. கேட்க வந்தவர்களிடமும் அதையே சொல்லி நம்பவைத்தேன். ஒருநாள் நண்பர் ஒருவர், நான் கவனிக்காத நேரத்தில் முதல் பதிவின் ஒலியளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். எது மேல் என்று கேட்டார். 'சோர்ந்த' பதிவைத்தான் கைகாட்டினேன். அத்தனை வருடமும் இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, எந்த சிடி சத்தமாகத் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான் ஒப்பிட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

'பதேதிக்' என்று உலகம் அழைக்கும் இந்தச் சிம்பொனிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. எது சிறந்தது என்று இங்கே பட்டியல் போடப்போவதில்லை. ஒன்றை ஒப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு வேறெதையோ ஒப்பிட்டுவிடுகிறோமே, அந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன ஒலியளவுதான். ஒரே வாசிப்பைச் சற்று கூடுதல் சத்தத்தில் வைத்தால் நம் காதுக்கு அடிநாதமும் உச்ச ஒலிகளும் கூடுதலாகக் கேட்கும்; இசை நெருங்கி வந்ததுபோல இருக்கும். அதை வாசிப்பின் சிறப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒப்பிடத் தொடங்கும் முன் இரண்டு பதிவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது இரண்டாம் பகுதியின் தொடக்கம். செல்லோக்கள் ஐந்து எண்ணிக்கை வால்ட்ஸை (நடன இசையை) எடுக்கும் அந்த இடம் மிக மெதுவும் இல்லை, பேரிரைச்சலும் இல்லை. அங்கே இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்படி வைத்துவிட்டு, பிறகு ஒலியளவுக் குமிழைத் தொடவே கூடாது. ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். சில சமயம் அது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் பாட்டாக எடுத்துக்கொண்டு அளவை மாற்றிவிடும். மெதுவான பகுதி உயரும், முழக்கமான பகுதி தாழும். இசையமைப்பாளர் வைத்த மேடு பள்ளம் அதில் போய்விடும்.

மேடு பள்ளம் என்று சும்மா சொல்லவில்லை. முதல் பகுதியில் 160-ஆவது பார் (இசைக்குறிப்பில் ஒரு தாளக் கட்டம்) என்று ஓரிடம் இருக்கிறது. அதுவரை வயலின்கள் பாடிய அந்தப் பிரபலமான மெட்டைக் கிளாரினெட் தனியாக எடுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் மெலிந்துகொண்டே இறங்கும். கடைசியில் மிஞ்சும் நான்கு ஸ்வரங்களை சாய்கோவ்ஸ்கி பஸூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவியிடம் கொடுத்திருக்கிறார். சத்தம் குறைத்து மெதுவாக வாசி என்பதற்கு இசைக்குறிப்பில் ஒரு 'பி' போடுவார்கள், மிக மெதுவாக என்றால் இரண்டு. அவர் இங்கே ஆறு 'பி' போட்டிருக்கிறார். அடுத்த பாரிலேயே முழு இசைக்குழுவும் இடிபோல விழும்.

பஸூன் அந்தத் தாழ்ந்த இடத்தில் அவ்வளவு மெதுவாகப் பேசுவது கடினம். அதனால் பல நடத்துநர்கள் அந்த நான்கு ஸ்வரங்களை மட்டும், கிளாரினெட்டின் தாழ்ந்த குரல் வடிவமான பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பாஸ் கிளாரினெட்டில் வந்தால் கிளாரினெட்டின் குரலே இருட்டில் கரைந்துபோவதுபோல இருக்கும். எங்கே நின்றது என்றே தெரியாது. பஸூனில் வந்தால் வேறொரு ஆள் வந்து அந்த வாக்கியத்தை முடித்துவைப்பதுபோல இருக்கும், குரலில் சின்னக் கரகரப்போடு. சிம்பொனி தொடங்குவதே பஸூனின் முனகலில்தான் என்பதை நினைவில் வைத்துக் கேட்டால், எனக்கு இரண்டாவது வழியே பொருத்தமாகப் படுகிறது. முதலாவதை விரும்புபவர்களுக்கும் நியாயம் உண்டு. இங்கே நடக்கும் தவறு வேறு: எந்தக் கருவி வாசித்தது என்று கவனிக்காமலே 'இந்தப் பதிவில் மென்மை அதிகம்' என்று எழுதிவிடுவது.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கும். நான்கு ஸ்வரமும் காதில் விழவில்லை என்று குமிழைத் திருப்பிக் கூட்டுவோம். அடுத்த நொடி இடி விழும், பதறிப்போய்க் குறைப்போம். அதோடு அந்த ஒப்பீடு கெட்டது. கேட்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு சாய வைப்பதுதான் அந்த ஆறு 'பி'யின் வேலை.

அடுத்தது கடிகாரம். லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1986-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவில் கடைசிப் பகுதி மட்டும் பதினேழு நிமிடம். எவ்கெனி ம்ராவின்ஸ்கி 1960-இல் லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கோடு செய்ததில் அதே பகுதி சுமார் பத்து நிமிடம். இந்த இரண்டு எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் 'முதலாவது ஆழமானது' என்று ஒரு கூட்டமும், 'இழுவை' என்று இன்னொரு கூட்டமும் புறப்பட்டுவிடும், ஒரு நிமிடம்கூடக் கேட்காமல். சாய்கோவ்ஸ்கி அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கு வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் எண் கொடுத்திருக்கிறார்: நிமிடத்துக்கு 54 தட்டு. பெர்ன்ஸ்டைன் அதற்கு எவ்வளவோ பின்னால் நிற்கிறார் என்பது உண்மைதான். ஆனால் கேட்க வேண்டியது மொத்த நேரத்தை அல்ல. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டு போகிறதா, அல்லது நின்று நின்று மூச்சு வாங்குகிறதா? பெர்ன்ஸ்டைனிடம் அவ்வளவு குறைந்த வேகத்திலும் இழை அறுவதில்லை என்பது என் அனுபவம். அதற்கு நியூயார்க் வயலின்களின் வில் பிடிப்பும் ஒரு காரணம். அதைவிட வேகமான எத்தனையோ பதிவுகளில் அறுந்து போயிருக்கிறது. அட்டையில் போட்ட நேரத்தில் கடைசி மௌனமும், நேரடிப் பதிவென்றால் சில சமயம் கைதட்டலும் சேர்ந்திருக்கும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும்.

பெர்ன்ஸ்டைன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இதே இசைக்குழுவோடு 1964-இலும் இதே சிம்பொனியைப் பதிவு செய்தார், ஏறத்தாழ எல்லோரும் எடுக்கும் வேகத்தில். 'பெர்ன்ஸ்டைன் பதிவு' என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருவர் வாதிட்டால், இருவரும் வேறு வேறு பதிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். ம்ராவின்ஸ்கிக்கு 1956-இல் ஒரு மோனோ பதிவு, 1960-இல் ஸ்டீரியோ. இரண்டும் ஒரே நிறுவனம் வெளியிட்டவை. ஜெர்மன் நடத்துநர் ஃபுர்ட்வெங்லருக்கு 1938 பெர்லின் ஸ்டூடியோ பதிவும் உண்டு, 1951-இல் கெய்ரோவில் நேரடியாகப் பதிவானதும் உண்டு. ஹெர்பர்ட் ஃபான் காராயனோ 1939 முதல் 1984 வரை ஏழு முறை பதிவு செய்திருக்கிறார். செயலிகள் காட்டும் வருடத்தை நம்பாதீர்கள். அது பல சமயம் மறுவெளியீட்டின் வருடம். இசைக்குழுவின் பெயர், பதிவு செய்த வருடம், இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளாமல் ஒரு வரி கருத்துகூட எழுதக் கூடாது.

பழைய பதிவுகளை ஒதுக்குவதிலும் ஒரு அவசரம் தெரிகிறது. ஃபுர்ட்வெங்லரின் 1938 பதிவு, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில் வந்தது. ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான் கொள்ளும். பக்கம் முடியும் இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கி வாசித்ததைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டின் இரைச்சலுக்குள் ஆறு 'பி'யெல்லாம் புலப்படாது. ஆகவே மெல்லிய ஒலியின் எல்லையை அதில் தேடுவது வீண். வாக்கியம் வளைவதை, வேகம் ஏறி இறங்குவதை, ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடப்பதை அதில் தாராளமாகக் கேட்கலாம். எந்தப் பதிவில் எதைக் கேட்க முடியுமோ அதை மட்டும் கேட்பதே நியாயம்.

இனி, கதையை வைத்து அளப்பது. சாய்கோவ்ஸ்கி 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்தச் சிம்பொனியின் முதல் அரங்கேற்றத்தைத் தானே நடத்தினார். ஒன்பதே நாளில், நவம்பர் 6 அன்று, இறந்துபோனார். நவம்பர் 18-இல் எட்வர்ட் நாப்ராவ்னிக் நடத்திய இரண்டாவது நிகழ்ச்சி அவருடைய நினைவுக் கச்சேரி. அன்றிலிருந்து இதை மரண வாக்குமூலமாகவே கேட்கிறோம், எந்த நடத்துநர் அதிகம் அழவைக்கிறார் என்று மதிப்பெண் போடுகிறோம். ஆனால் அவர் இதை அந்த வருடம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டார். இதன் உள்கதை யாருக்கும் புரியாத புதிராகவே இருக்கட்டும் என்று, பின்னால் யாருக்கு இதை அர்ப்பணித்தாரோ அந்தத் தங்கை மகன் விளாதிமிர் தாவிதோவுக்கே எழுதினார். தன் படைப்புகளிலேயே சிறந்ததாகவும் உண்மையானதாகவும் இதைக் கருதினார். தலைப்பின் ரஷ்யச் சொல்லுக்கும் பரிதாபம் என்று பொருள் இல்லை. உணர்ச்சி பொங்குவது என்றே பொருள். இரண்டாம் பகுதியின் வால்ட்ஸிலும் மூன்றாம் பகுதியின் அணிவகுப்பிலும் எவ்வளவு உயிர் துள்ளுகிறது! அங்கேயும் சாவின் நிழலைத் தேடிக் கனமாக வாசிப்பவரை ஆழமானவர் என்று புகழ்வது எனக்கு உடன்பாடில்லை.

கடைசிப் பகுதியின் முதல் வரிக்கு வருகிறேன். பதிவுகளை ஒப்பிட இதைவிடச் செழிப்பான இடம் இந்தச் சிம்பொனியில் இல்லை. இறங்கி வரும் அந்த அழுகைக் குரலை நாம் ஒரே மெட்டாகக் கேட்கிறோம். இசைக்குறிப்பைத் திறந்தால் அந்த மெட்டு யாருடைய வரியிலும் இல்லை. ஒரு ஸ்வரத்தை முதல் வயலின்கள் வாசிக்க, அடுத்ததை இரண்டாம் வயலின்கள் வாசிக்கும். இப்படி மாறி மாறி. தனியே கேட்டால் இருவர் வாசிப்பதும் துண்டு துண்டாகத் தாவும். இரண்டும் சேரும்போது நம் காதுதான் மெட்டைக் கோத்துக்கொள்கிறது.

அந்தக் காலத்தில் முதல் வயலின்கள் மேடையின் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் வலப்பக்கமும் எதிரெதிரே உட்காருவார்கள். ம்ராவின்ஸ்கி அந்த அமர்வையே வைத்திருந்தார். 1960 பதிவை ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் இடமும் வலமுமாக எறியப்படுவது தெரியும். மெட்டே நடுவில் பிளந்துகொண்டு அழுவதுபோல இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் இரு வயலின் பிரிவுகளையும் இடப்பக்கமே சேர்த்து உட்காரவைக்கும் வழக்கம் பரவியது. அப்படி எடுத்த பதிவில் அதே வரி ஒரே குரலாக, வழவழப்பாக வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்பவர் முதலாவதைக் 'கரடுமுரடு' என்றும் இரண்டாவதை 'நேர்த்தி' என்றும் சொல்லிவிடுவார். இதே மெட்டு பிற்பாடு திரும்பி வரும்போது முழுவதையும் முதல் வயலின்களிடமே சாய்கோவ்ஸ்கி கொடுத்துவிடுகிறார். பிளந்திருந்த குரல் ஒன்றாகிறது. அந்த வித்தியாசம் ஒரு பதிவில் கேட்கிறதா என்பதை நான் வேறெந்த அம்சத்தையும்விட மேலாக மதிக்கிறேன். இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

மூன்றாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிடுவது பரவலாக நடக்கிறது. பரபரப்பான அணிவகுப்பு, வெற்றி முழக்கம், யார் வாசித்தாலும் மயிர்க்கூச்செறியும். அதனாலேயே அது ஒப்பீட்டுக்கு அவ்வளவாக உதவாது. அது முடிந்ததும் சிம்பொனியே முடிந்துவிட்டது என்று அரங்குகளில் இன்றும் கைதட்டுகிறார்கள். சில நடத்துநர்கள் கைதட்டலுக்கு இடம் கொடுக்காமல் அழுகைக்குள் பாய்ந்துவிடுவார்கள். சிலர் மௌனத்தை நீளவிடுவார்கள். அந்த இடைவெளியும் வாசிப்பின் ஒரு பகுதிதான். பாடல்களை ஒன்றோடொன்று கலந்து ஓட்டும் வசதியைச் செயலியில் போட்டு வைத்திருந்தால் அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

ஒரே மாலையில் நான்கு பதிவுகளை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்றாவது வரும்போதே காது மரத்துப்போயிருக்கும். கடைசியாக வந்தவர் பாவம், எவ்வளவு நன்றாக வாசித்தாலும் எடுபடாது.

கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஒப்பிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சிம்பொனிக்கு அது இழைக்கும் தீங்கு பெரிது. கடைசிப் பகுதியின் உச்சம் தணிந்தபின் டாம்-டாம் என்ற பெரிய உலோகத் தட்டில் ஒரே ஒரு அடி விழும், அதுவும் மெதுவாக. முழு சிம்பொனியிலும் அந்தக் கருவிக்கு அது ஒன்றுதான் வேலை. அதன் அதிர்வு அடங்குவதற்குள் டிராம்போன்களும் டியூபாவும் தாழ்ந்த குரலில் ஒரு பிரார்த்தனைபோல எடுக்கும். பிறகு வயலின்கள் ஒவ்வொன்றாக விலகி, செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மட்டும் மிஞ்சும். அடியில் ஒரு நாடித்துடிப்பு தளர்ந்து தளர்ந்து நிற்கும். முதல் பகுதி தொடங்கியதும் இதே டபுள் பாஸ்களின் இருட்டில்தான். கைபேசி ஸ்பீக்கரில் இந்த அடியொலிகள் எதுவும் வராது. டிராம்போன்கள் ஓய்ந்த கொஞ்ச நேரத்திலேயே இசை நின்றுவிட்டதுபோல இருக்கும். திரையைப் பார்த்தால் நேரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.