லென்ஸில் ஆவி படிந்தால் துடைப்பது தீர்வல்ல: மலை ஆபரேஷன் தியேட்டர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியிலோ குன்னூரிலோ காலை முதல் கேஸ் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா வழியாகத் திரையில் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) என்றால் திரை மங்காமல் இருப்பது அபூர்வம். நுனியில் லென்ஸ் உள்ள குழாயான டெலஸ்கோப், அதாவது ஸ்கோப், உள்ளே போன சில நொடிகளில் கல்லீரலும் பித்தப்பையும் வெண்மூட்டத்துக்குள் போய்விடும். "சிஸ்டர், ஒண்ணும் தெரியல, துடைங்க" என்று சர்ஜன் வெளியே எடுத்துக் கொடுப்பார். துடைத்துக் கொடுப்போம். உள்ளே போனதும் மறுபடி மங்கும். பித்தநாளமும் ரத்தக்குழாயும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் கத்தரி வைத்திருக்கும் நேரத்தில் இப்படி ஆனால் அது வெறும் தொல்லை இல்லை, நோயாளிக்கு ஆபத்து. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலும் மங்கலுக்குக் காரணம் அழுக்கு அல்ல, குளிர். வயிற்றுக்குள் சுமார் 37 டிகிரி சூடும் நிறைந்த ஈரமும் இருக்கின்றன. அதைவிடக் குளிர்ந்த கண்ணாடி எது உள்ளே போனாலும் அதன் மேல் அந்த ஈரம் பொடித் துளிகளாகப் படியும். கோவையில் ஏசி ஓடும் தியேட்டரில் ஸ்கோப் 22 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 15 டிகிரி. இங்கே இரவெல்லாம் அலமாரியில் கிடந்து 10 டிகிரிக்கு இறங்கிய ஸ்கோப்புக்கு அது 27. கீழே சமாளித்துவிடும் பழக்கங்கள் மேலே கைகொடுக்காததற்கு இதுவே காரணம்.

ஆக, முதல் தவறு துடைப்பதையே தீர்வாக நினைப்பது. ஸ்கோப் வெளியே இருக்கும் ஒவ்வொரு நொடியும் லென்ஸ் இன்னும் குளிர்கிறது. உலர்ந்த காஸ் துணியால் அழுத்தித் தேய்த்தால் காலப்போக்கில் கண்ணாடியில் கீறலும் விழும். செய்ய வேண்டியது சூடாக்குவது. ஸ்டெரைல் செய்த (கிருமி நீக்கிய) ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் 50 டிகிரி அளவில் ஸ்டெரைல் தண்ணீர், நுனி இடிபடாமல் இருக்க அடியில் மடித்த காஸ், இவ்வளவுதான் வேண்டும். நுனி மட்டும் நனைந்தால் போதாது. குழாயின் பெரும்பகுதி ஓரிரு நிமிடம் தண்ணீருக்குள் இருக்கட்டும். வெளியே எடுத்து மென்மையான துணியால் ஒற்றிவிட்டு உடனே உள்ளே விடுங்கள். நடுவில் பேச்சு வேண்டாம். தண்ணீருக்குப் பதில் சலைன் ஊற்றுகிறவர்கள் கேஸ் முடிந்ததும் ஸ்கோப்பை ஸ்டெரைல் தண்ணீரில் அலச மறக்கக் கூடாது. உப்பு காய்ந்தால் லென்ஸில் திட்டு நிற்கும், உலோகத்தையும் அரிக்கும். இன்னொன்று, அந்த ஃபிளாஸ்க்குக்கு லேபிள் ஒட்டித் தனியாக வையுங்கள். வயிற்றைக் கழுவ யாராவது அதிலிருந்து எடுத்துவிட்டால் உள்ளே வெந்துபோகும்.

அவசரத்தில் கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் உண்டு. இதில் இரண்டு தவறுகள். கொதித்த தண்ணீர் ஸ்டெரைல் தண்ணீர் ஆகாது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அப்புறம், குளிர்ந்து கிடந்த ஸ்கோப்புக்கு அந்தச் சூடு பேரதிர்ச்சி. உள்ளே வரிசையாக இருக்கும் கண்ணாடித் தண்டுகளும் அவற்றை மூடியிருக்கும் சீலும் விரிசல் விடலாம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வந்த சூடான ஸ்கோப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டாலும் இதே கதிதான். சீல் போய்விட்டால் ஈரம் குழாய்க்குள் புகும். அதற்குப் பிறகு வெளியே எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

மங்கல் எங்கே என்று பார்க்காமலே நுனியைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அது மூன்று இடத்தில் இருக்கலாம்: நுனியில், கண் வைக்கும் முனையும் கேமரா ஹெட்டும் சேரும் இடத்தில், குழாய்க்குள். நுனி சூடாகவும் சுத்தமாகவும் இருந்தும் திரை தெளியவில்லை என்றால் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பை மட்டும் திருப்புங்கள். கறை கூடவே சுற்றினால் கோளாறு ஸ்கோப்பில். அசையாமல் நின்றால் கேமரா பக்கம். கிருமிநாசினித் திரவமான சைடெக்ஸிலிருந்து எடுத்து அலசியதும் முனையை உலர்த்தாமல் மாட்டினால், லைட்டின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் கேமரா கண்ணாடியில் படியும். கழற்றி இரண்டு பக்கமும் உலர்த்தினால் போய்விடும். கேமராவை நீக்கிவிட்டு, ஸ்கோப் வழியாக வெளிச்சத்தை வெறும் கண்ணால் பாருங்கள். இரண்டு முனையும் சுத்தமாக இருந்தும் அப்போதும் மூட்டம் தெரிந்தால் ஈரம் குழாய்க்குள்தான். ரிப்பேருக்கு அனுப்பும் வரை அதைக் கேஸுக்கு எடுக்காதீர்கள்.

கேமரா போகும் ட்ரோக்காரிலேயே (வயிற்றுத் துளையில் செருகும் குழாய்) வயிற்றை உப்பவைக்கும் வாயுவின் டியூபை மாட்டி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. குளிர்ந்த தியேட்டரில் கார்பன் டை ஆக்ஸைடும் குளிர்ந்துதான் வரும். அது நேராக லென்ஸ் மேல் அடிக்கும். இரண்டாவது போர்ட் (துளை) போட்டவுடன் டியூபை அங்கே மாற்றச் சொல்லிக் கேளுங்கள், சர்ஜன்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ட்ரோக்காருக்குள் ரத்தமோ கொழுப்போ ஒட்டியிருந்தால், சுத்தமான லென்ஸ்கூட உள்ளே நுழையும்போதே பூசிக்கொள்ளும். அதையும் உள்பக்கம் துடைத்துவிட வேண்டும்.

லைட்டின் சூட்டிலேயே லென்ஸ் சூடாகட்டும் என்று எரியவிட்டு, நோயாளியை மூடியிருக்கும் டிரேப் துணி மேல் வைத்துவிடுவது மிக மோசம். துணி கருகும், தீப்பிடிக்கலாம், அடியில் இருக்கும் தோலும் வெந்துபோகும். கையில் இல்லாத ஸ்கோப்புக்கு லைட் ஸ்டாண்ட்பையில்தான் இருக்க வேண்டும்.

ஆவி படியாமல் இருக்கத் தடவும் திரவங்கள், பெட்டாடின் உட்பட, துளிகளைப் பரத்தி ஒரே மெல்லிய படலமாக்குகின்றன. வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது, அவ்வளவுதான். அவை லென்ஸைச் சூடாக்குவதில்லை. குளிர்ந்த, ஈரமான நுனியில் கெட்டியாகத் தடவினால் மங்கலோடு பழுப்பு நிறமும் சேரும். சூடாக்கி, உலர்த்தி, லேசாக ஒரு பூச்சு போதும். மூக்கு எண்டோஸ்கோபிக்குச் சாவ்லான் தடவுவது பல இடங்களில் பழக்கம். அதே கையோடு செவிப்பறை ஓட்டையான காதுக்குள் அந்த ஸ்கோப்பை விடாதீர்கள். சாவ்லானில் உள்ள குளோர்ஹெக்சிடின் உள்காதைக் கெடுக்கும். கண்ணின் கருவிழிக்கும் அது ஆகாது.

சூடாக்கும் உத்தி புதிதும் அல்ல. 1854-ல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் தன் குரல்வளையைத் தானே பார்த்தபோது, சிறு கண்ணாடியை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துத்தான் வாய்க்குள் வைத்தார். இன்றும் தொண்டை பார்க்கும் கண்ணாடியைச் சூடாக்கி, புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். புறங்கையில் வைப்பதைத் தவிர்த்தால் நோயாளியின் அண்ணம் சுட்டுவிடும்.

சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியில் நுனி தண்ணீருக்குள் இருப்பதால் அங்கே ஆவி படியாது. படம் மங்கினால் கேமரா முனையைப் பாருங்கள். நுனியில் எதையும் தடவ வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறொரு மங்கல் வரும். ஈரம் போகாத பஞ்சுப் பெட்டியில் ஸ்கோப்பை மூடி வைத்தால் லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கும் இதே ஆபத்து உண்டு. நன்றாக உலர்த்திய பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். நீலமாக இருந்த ஜெல் இளஞ்சிவப்பானால் அன்றைக்கே மாற்றுங்கள்.